வன்முறைத் தடுப்பு ஆய்வு மையத்தில் யார் யார் வேலை பார்க்கிறார்கள்?

எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால் போதும், அன்று இரவே தொலைக்காட்சி விவாதத்தில் 'குற்றவியல் ஆய்வு மைய நிபுணர்' ஒருவர் உட்கார்ந்திருப்பார். சுட்டவனின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அவரைக் கேட்பார்கள். நேர்மையானவராக இருந்தால் 'தெரியாது' என்பார். அடுத்த முறை அவரைக் கூப்பிட மாட்டார்கள். பல்கலைக்கழகங்களில் இயங்கும் இந்த மையங்களைப் பற்றி வெளியே உலவும் எண்ணங்கள் பெரும்பாலும் இப்படி உருவானவைதான். துப்பறிவாளர்கள் என்று சிலர் நினைக்கிறார்கள், கொலைகாரனின் மனதைப் படிப்பவர்கள் என்று சிலர். குற்றவாளிக்கு வக்காலத்து வாங்கும் பேராசிரியர் கூட்டம் என்பாரும் உண்டு. மூன்றுமே தவறு.

உள்ளே போய்ப் பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஒருவர் இரண்டு பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். இன்னொருவர் மருத்துவமனைக்கு அனுப்பிய ஒப்பந்தம் ஏன் மூன்று மாதமாகக் கையெழுத்தாகவில்லை என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பார். வன்முறையைக் குறைப்பதில் இவர்களின் பங்கு என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

## வேறு கேள்வி கேட்பவர்கள்

ஒரு கத்திக்குத்து நடந்தால் காவல்துறை 'குத்தியது யார்?' என்று தேடுகிறது. 'இவர்தான் குத்தினார் என்பதற்கு ஆதாரம் உண்டா?' என்று நீதிமன்றம் பார்க்கிறது. ஆய்வு மையம் அந்த ஒரு சம்பவத்தைத் தனியாக எடுத்துக்கொள்வதே இல்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் இதே தெருவில், இதே நேரத்தில் எத்தனை நடந்தன? எதை மாற்றினால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் எண்ணிக்கை குறையும்? குறைந்தால், நாம் செய்ததால்தான் குறைந்தது என்று எப்படித் தெரியும்? இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இப்படி ஒரு மையமே தேவைப்படுகிறது. மற்றதையெல்லாம் ஒரு நல்ல காவல் நிலையமே செய்துவிடும்.

இந்த மையங்களைத் தொடங்கியவர்களும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1992இல் வன்முறை ஆய்வு, தடுப்பு மையத்தைத் தொடங்கிய டெல்பர்ட் எலியட் சமூகவியலாளர். 1976இல் 11 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,725 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர வளர மீண்டும் மீண்டும் நேர்காணல் செய்த தேசிய இளைஞர் ஆய்வை நடத்தியவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய குற்ற ஆய்வகத்தை வழிநடத்தும் ஜென்ஸ் லுட்விக் பொருளியலாளர். கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் துப்பாக்கி வன்முறையை ஆராயும் கேரன் வின்டமியூட் அவசர சிகிச்சை மருத்துவர். பிரிட்டனின் கார்டிஃபில் வன்முறைத் தடுப்பு ஆய்வை நடத்திய ஜோனதன் ஷெப்பர்டோ, உடைந்த தாடைகளைச் சரிசெய்யும் முக அறுவை மருத்துவர்.

## 'குறைந்துவிட்டது' என்றால் போதாதா?

சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் சரியாகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளாகும் என்று கேலியாகச் சொல்வதுண்டு. சளி தானாகவே போகும் என்பது நமக்குத் தெரிந்திருப்பதால் சிரிக்கிறோம். வன்முறையும் பல சமயம் இப்படித் தானாகத் தணியும். ஆனால் அங்கே யாரும் சிரிப்பதில்லை, பாராட்டு விழா நடத்திவிடுகிறார்கள்.

ஒரு நகரில் எந்தப் பகுதிக்குச் சிறப்புத் திட்டம் கிடைக்கும்? மிக மோசமான ஆண்டைக் கண்ட பகுதிக்குத்தான். மிக மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், ஓரளவு குறையவே வாய்ப்பு அதிகம். இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்: வழக்கத்தைவிட வெகுவாக ஏறிய எண், அடுத்த முறை வழக்கமான அளவை நோக்கி இறங்குவது. திட்டம் தொடங்கிய நாளும் இந்த இறக்கமும் ஒன்றாக அமைந்துவிட்டால், பெயர் திட்டத்துக்குப் போய்விடும்.

இதைத் தவிர்க்க ஒப்பீட்டுக் குழு தேவை. திட்டம் கிடைக்காத, மற்ற எல்லா வகையிலும் ஒத்த ஆட்களோ தெருக்களோதான் அந்தக் குழு. 'மற்ற எல்லா வகையிலும் ஒத்த' என்பது சொல்ல எளிது, கண்டுபிடிக்கக் கடினம். தானாக முன்வந்து சேர்ந்த இளைஞனையும் வர மறுத்தவனையும் ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும். முன்வரும் மனமே அவர்களை வேறுபடுத்திவிட்டது. அதனால்தான் குலுக்கல் போட்டுப் பிரிக்கிறார்கள். சமவாய்ப்பு ஒதுக்கீடு என்பது இதுதான். யாருக்குத் திட்டம், யாருக்கு இல்லை என்பதை ஆளின் குணமோ அதிகாரியின் விருப்பமோ தீர்மானிக்காமல் தற்செயல் தீர்மானிக்கும்.

'தேவைப்படுபவனுக்கு உதவியை மறுப்பது அநியாயம் இல்லையா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். இடங்கள் 200, விண்ணப்பித்தவர்கள் 500 என்றால் 300 பேருக்கு எப்படியும் கிடைக்காது. அந்த 300 பேரைச் சிபாரிசு தேர்ந்தெடுப்பதைவிடக் குலுக்கல் தேர்ந்தெடுப்பது மேல். இதைவிட முக்கியமான பதில் ஒன்று உண்டு: உதவி என்று நாம் நினைப்பது உதவிதானா என்பது முன்கூட்டியே தெரியாது.

1939இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய இரு ஊர்களில் சிறுவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. கடைசிவரை அதில் நிலைத்தவர்கள் 506 பேர். ஒத்த தன்மையுள்ள இருவர் இருவராக இணைத்து, காசு சுண்டி, ஒருவருக்கு மட்டும் சமூகப் பணியாளரின் வழிகாட்டுதல், பாட உதவி, மருத்துவ உதவி எல்லாம் தந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் ஜோன் மெக்கார்ட் என்ற சமூகவியலாளர் இவர்களைத் தேடிப் பிடித்து, 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களிடம் குற்றம் குறையவில்லை. குடிநோய், மனநோய், இளவயது மரணம் போன்ற சிலவற்றில் அவர்கள் நிலை மற்றவர்களைவிட மோசமாக இருந்தது. திட்டம் பயன்பட்டதா என்று கேட்டதற்கு, உதவி பெற்றவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் 'ஆம்' என்றார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பயனாளிகளின் நன்றிக் கடிதங்களை ஆதாரமாகக் காட்டும் எந்த அறிக்கையைப் பார்த்தாலும் இந்த 506 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துச் சென்று, கைதிகளைக்கொண்டு மிரட்டித் திருத்தப் பார்த்த திட்டங்களும் இப்படித்தான் முடிந்தன. சமவாய்ப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போய்வந்தவர்கள்தான் பிறகு அதிகம் குற்றம் செய்திருந்தார்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: எண்ணிக்கை குறைந்ததைக் காட்டினால் போதாது, திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் காட்ட வேண்டும். அதற்கு ஒப்பீட்டுக் குழு வேண்டும், அதையும் குலுக்கல் மூலம் பிரித்தால் நம்பிக்கை கூடும்.

## பெயர்களைச் சேர்ப்பவர்

இனி ஆட்களுக்கு வருவோம். இயக்குநரின் பெயர்தான் செய்தியில் வரும். அவர் நேரத்தில் பெரும்பகுதி நிதி விண்ணப்பம் எழுதுவதிலும் அதிகாரிகளைச் சந்திப்பதிலும் போய்விடும். ஆய்வின் தரம் உண்மையில் தரவு மேலாளரின் மேசையில்தான் தீர்மானமாகிறது.

பள்ளியில் ஒரு திட்டத்தில் சேர்ந்த மாணவன் பிறகு கைதானானா என்று பார்க்கப் பள்ளிப் பதிவையும் காவல் பதிவையும் பொருத்த வேண்டும். இதற்குப் பெயர் பதிவு இணைப்பு. இரண்டிலும் பொதுவான அடையாள எண் இருந்தால் பத்து நிமிட வேலை, பெரும்பாலும் இருக்காது. பள்ளிப் பதிவில் முழுப்பெயர் இருக்கும், காவல் பதிவில் வீட்டில் கூப்பிடும் பெயர். பிறந்த தேதி ஒன்றில் 04-07, மற்றதில் 07-04. முகவரி மாறியிருக்கும். ஆகவே ஒவ்வொரு பொருத்தத்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். அபூர்வமான குடும்பப் பெயர் ஒத்துப்போனால் அதிக மதிப்பெண். ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும் பெயர் ஒத்துப்போனால் கொஞ்சம்தான். ஒரு வரம்புக்கு மேல் போனால் ஒரே ஆள், இன்னொரு வரம்புக்குக் கீழே என்றால் வேறு ஆள், நடுவில் மாட்டுபவற்றை இருவர் தனித்தனியாகக் கண்ணால் பார்த்து முடிவு செய்வார்கள். எந்தப் பெயர் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது அந்த இருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால், திட்டத்தில் இருந்த பையனுக்குக் 'கைது இல்லை' என்று முடிவு செய்யத் தன்னையறியாமல் கை போகும்.

வரம்பைத் தளர்த்தினால் யாரோ செய்த குற்றம் இன்னொருவன் தலையில் விழும். இறுக்கினால் உண்மையான கைதுகள் தவறிப்போய், எல்லோரும் நல்லவர்களாகத் தெரிவார்கள். எந்த வரம்பில் பார்த்தார்கள் என்று சொல்லாத ஆய்வறிக்கையைச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

வரைபடக் காரரின் பாடு தனி. குற்றங்கள் ஊரெங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை. மினியாபொலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளில் பாதி, நகரின் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தவை என்று லாரன்ஸ் ஷெர்மனும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் காட்டினார்கள். அதிலிருந்து சம்பவங்களை வரைபடத்தில் புள்ளியாக வைப்பது வழக்கமாகிவிட்டது. புள்ளி வைக்க முகவரி வேண்டும். முகவரி தெரியாத சம்பவத்துக்குப் பதிவு எழுதுபவர் புகார் தந்த இடத்தையே எழுதிவிடுவதுண்டு. விளைவு, ஊரிலேயே அபாயமான இடம் காவல் நிலையம் என்றோ மருத்துவமனை என்றோ வரைபடம் காட்டும். நல்ல வரைபடக் காரர் முதலில் செய்வது மிகச் சிவப்பான புள்ளியைச் சந்தேகிப்பதுதான்.

## வாசலில் நிற்பவர்

காவல் பதிவில் வராத வன்முறை ஏராளம். அதை அறிய ஆளிடமே கேட்க வேண்டும். அது கள நேர்காணல் செய்பவரின் வேலை. மையத்தில் சம்பளம் குறைந்த வேலைகளில் ஒன்று, மிகக் கடினமானதும்கூட.

'கடந்த ஆறு மாதத்தில் யாரையாவது அடித்தீர்களா?' என்று ஒரு பதினாறு வயதுப் பையனிடம் அவன் அம்மா பக்கத்து அறையில் இருக்கும்போது கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் கேள்வியைக் காதொலிப்பானில் அவன் மட்டும் கேட்டு, பதிலைத் திரையில் அவனே அழுத்தும்படி செய்கிறார்கள். கேட்பவருக்கே பதில் தெரியாது. 'ஆறு மாதம்' என்பதும் நினைவில் நழுவும். எட்டு மாதத்துக்கு முன் நடந்த பெரிய சண்டை நேற்று நடந்தது போலிருக்கும். எனவே அவன் பிறந்தநாள், பள்ளி திறந்த நாள், வீடு மாறிய மாதம் என்று சில நாள்களை முதலில் குறித்துக்கொண்டு, சம்பவம் அதற்கு முன்னா பின்னா என்று கேட்கிறார்கள்.

ஓராண்டு கழித்து அதே ஆளைத் திரும்பப் பிடிப்பது இன்னொரு சோதனை. தொடர்பு அறுந்து ஆய்விலிருந்து ஆட்கள் காணாமல் போவதை உதிர்வு என்பார்கள். காணாமல் போகிறவர்கள் யார்? வீடிழந்தவர்கள், சிறைக்குப் போனவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள். மோசமான நிலையில் இருப்பவர்கள் உதிர்ந்துவிட, மிஞ்சியவர்களை வைத்துக் கணக்குப் பார்த்தால் எந்தத் திட்டமும் ஜொலிக்கும். இதற்காக முதல் நாளே 'உங்களை எப்போதும் கண்டுபிடிக்கக் கூடிய மூன்று பேர் யார்?' என்று கேட்டு எழுதி வைக்கிறார்கள். அந்த மூன்றில் ஒரு பாட்டி இருந்தால் நேர்காணல் செய்பவருக்கு நிம்மதி. பாட்டிகள் கைப்பேசி எண்ணை மாற்றுவதில்லை.

கேட்ட ரகசியத்தை யார் காப்பது? பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, அதாவது மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலித்து அனுமதி தரும் குழு, ஒப்புதல் படிவத்தின் ஒவ்வொரு வரியையும் பார்க்கும். அமெரிக்காவில் கூடுதலாக ரகசியக் காப்புச் சான்றிதழ் உண்டு. அது இருந்தால் நீதிமன்றமே கேட்டாலும், சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றி அடையாளம் தெரியும் தரவை ஆய்வாளர் தரக் கூடாது. ஆனால் எல்லை உண்டு. குழந்தை வதை பற்றியோ, குறிப்பிட்ட ஓர் ஆளைத் தாக்கப்போவதாகவோ தெரியவந்தால் சொல்லிவிடுவோம் என்று படிவத்தில் முதலிலேயே எழுதியிருப்பார்கள். அதைக் கையெழுத்துக்கு முன் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டிப் போகும் நேர்காணல் காரரை வைத்துக்கொள்ளவே கூடாது.

## வரவேற்பு மேசையில் நாலு கேள்வி

கார்டிஃபுக்கு வருவோம். முகக் காயங்களுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த ஷெப்பர்ட், தன்னிடம் வருபவர்களில் பெரும்பகுதியினர் காவல் பதிவில் இல்லை என்பதைக் கவனித்தார். அடிபட்டவர் பழிவாங்கலுக்குப் பயந்தோ, தானும் அடித்திருந்ததாலோ புகார் தருவதில்லை. மருத்துவமனைக்கு மட்டும் வந்துவிடுகிறார்.

தீர்வு மிக எளியது. அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் இருப்பவர், பெயர் எழுதும்போதே சில கேள்விகள் சேர்த்துக் கேட்கிறார்: எந்த இடத்தில் நடந்தது, எப்போது, எதனால் தாக்கினார்கள், எத்தனை பேர்? 'நகர மையம்' என்ற பதில் உதவாது. மதுக்கூடத்தின் பெயர், தெருவின் பெயர் வேண்டும். பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, இந்தத் தகவல் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் போகிறது. அவர்கள் ரோந்துப் பாதையை மாற்றுகிறார்கள், மதுக்கூட உரிமத்தை மறுபரிசீலனை செய்கிறார்கள்.

2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு, கார்டிஃபை அதைப் போன்ற 14 நகரங்களோடு ஒப்பிட்டது. வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மாதத்துக்கு லட்சம் பேருக்கு 7 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தார்கள். மற்ற நகரங்களில் 5 என்பது 8 ஆனது. அதே காலத்தில் கார்டிஃபில் காவல்துறை பதிவு செய்த சிறு தாக்குதல்கள் கூடின. முதல் பார்வைக்கு முரண். ஆனால் முன்பு யார் கண்ணிலும் படாதவை இப்போது பதிவாகின்றன என்றுதான் ஆய்வாளர்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். காவல் புள்ளிவிவரம் ஏறியதை மட்டும் வைத்து ஒரு ஊரைத் திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

## திட்டத்தை நடத்துபவர்களும் அளப்பவர்களும்

பெரும்பாலும் மையம் தானே திட்டத்தை நடத்துவதில்லை. நடத்துபவர்கள் வேறு, அளப்பவர்கள் வேறு. தானே தேர்வெழுதித் தானே மதிப்பெண் போடக் கூடாது என்பதால் இந்தப் பிரிவினை.

சிகாகோவில் இளைஞர்களுக்கான ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிகளில் நடத்தும் குழுப் பயிற்சி இதற்கு நல்ல உதாரணம். முதல் வகுப்பில் மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து மூடச் சொல்கிறார்கள். மற்றவனுக்கு 30 வினாடி. பந்தை வாங்க வேண்டும். பிடுங்கல், முறுக்கல், உருளல். நேரம் முடிந்ததும் பயிற்றுநர் கேட்பார்: "ஏன் யாருமே 'பந்தைக் கொடு' என்று கேட்கவில்லை?" கேட்டிருந்தால் கொடுத்திருப்பானா என்று எதிரில் இருந்தவனைக் கேட்டால், 'கொடுத்திருப்பேனே, வெறும் பந்துதானே' என்பது வழக்கமான பதில். எதிராளியின் எண்ணத்தை அவசரமாக ஊகிக்கும் பழக்கத்தை நிறுத்தி யோசிக்கப் பழக்குவதுதான் உள்ளே இருக்கும் இயக்கம்.

சிகாகோ குற்ற ஆய்வகத்தினர் இதை இருமுறை குலுக்கல் முறையில் அளந்தார்கள். திட்டம் நடந்த காலத்தில் மொத்தக் கைதுகள் 28 முதல் 35 சதவீதம், வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்திருந்தன. திட்டம் முடிந்தபின் கைதுகளில் இருந்த வித்தியாசம் மங்கிவிட்டது. இந்த இரண்டாம் வாக்கியம் செய்திகளில் அதிகம் வருவதில்லை.

மதிப்பீட்டில் நன்றாக வந்த திட்டம் இன்னோர் ஊரில் ஊத்திக்கொள்வதும் உண்டு. வாரம் ஒரு வகுப்பு என்றிருந்ததை மாதம் ஒன்றாக்கியிருப்பார்கள், பத்துப் பேர் குழுவை முப்பதாக்கியிருப்பார்கள். இதைக் கண்காணிக்கச் செயலாக்கப் பயிற்றுநர் என்று ஒருவர் இருக்கிறார். கையில் சரிபார்ப்புப் பட்டியலோடு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, எழுதியபடி நடக்கிறதா என்று குறிப்பார். கொலராடோ மையம் 1996 முதல் திட்டங்களைச் சலித்துப் பட்டியலிட்டு வருகிறது. அதன் உயர்நிலைச் சான்று பெற, நல்ல முறையில் நடந்த இரண்டு சமவாய்ப்பு ஆய்வுகளாவது, அல்லது அப்படி ஒன்றும் நம்பகமான வேறுவகை ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுமாவது வேண்டும். திட்டம் முடிந்து 12 மாதம் கழித்தும் பயன் நிலைத்திருக்க வேண்டும். வடிகட்டியில் தங்குபவை மிகக் குறைவு.

தெருவில் இறங்கி வேலை செய்பவர்கள் இன்னொரு வகை. தொற்றுநோய் மருத்துவரான கேரி ஸ்லட்கின் 2000இல் சிகாகோவில் தொடங்கிய முயற்சியில், அந்தத் தெருவிலேயே வளர்ந்த, பலர் சிறைக்கும் போய்வந்த ஆட்களை வன்முறைத் தடுப்பாளர்களாக நியமித்தார்கள். ஒருவன் சுடப்பட்டால் அவன் நண்பர்கள் பழிக்குப் போகுமுன் பேசித் தணிப்பது அவர்கள் வேலை. ஆய்வாளர் அவர்களிடம் எத்தனை சண்டை, எங்கே, எப்படி முடிந்தது என்று கேட்கலாம். யார் என்று கேட்கக் கூடாது. பெயர் காவல்துறைக்குப் போகிறது என்ற சந்தேகம் ஒருமுறை வந்தால் அந்த ஆள் மறுநாள் தெருவில் நிற்க முடியாது. இந்த வகைத் திட்டங்களின் முடிவுகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. சில இடங்களில் குறைவு, சில இடங்களில் மாற்றமில்லை.

## முன்கூட்டியே ஆளைச் சொல்ல முடியுமா?

முடியாது. காரணம் அறிவுக் குறைவல்ல, கணக்கு. அடிப்படை விகிதம் என்பது ஒரு நிகழ்வு மொத்த மக்களில் எவ்வளவு அரிது என்பதைக் குறிக்கும். 10,000 மாணவர்களில் 10 பேர் பெரும் வன்முறையில் இறங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீதம் சரியாகச் சொல்லும் அருமையான சோதனை கையில் இருக்கிறது. அது அந்தப் பத்தில் ஏறக்குறைய எல்லோரையும் பிடித்துவிடும். மீதி 9,990 பேரில் 5 சதவீதத்தினரை, அதாவது சுமார் 500 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, ஆபத்தானவர் என்று குறிக்கப்பட்ட 510 பேரில் 500 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். நிகழ்வு எவ்வளவு அரிதோ, அவ்வளவு மோசமாகும் இந்தக் கணக்கு.

அதனால்தான் மையங்கள் ஆளைவிட இடத்தையும் சூழலையும் பிடித்துக்கொள்கின்றன. ஃபிலடெல்ஃபியாவில் குப்பை மண்டிய 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றைச் சுத்தம் செய்து புல் விதைத்து, தாழ்வான மரவேலி போட்டார்கள். 2018இல் வெளியான முடிவுப்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதிகளில் அந்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. யாரையும் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை.

## பணம் எங்கிருந்து?

அரசு, தனியார் அறக்கட்டளை, பல்கலைக்கழகம் என்று கலந்து வரும். அரசுப் பணம் அரசியலோடு சேர்ந்தே வரும். அமெரிக்க நாடாளுமன்றம் 1996இல் நிதி மசோதாவில் சேர்த்த டிக்கி திருத்தம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கக் கூட்டரசின் நோய்த்தடுப்பு மையப் பணத்தைச் செலவிடக் கூடாது என்றது. ஆராய்ச்சிக்கு நேரடித் தடை இல்லை. ஆனாலும் யாருக்கும் கை வைக்கத் துணிவில்லை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் துறைக்கு மைய நிதி வறண்டது. 2020 நிதியாண்டில்தான் 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கலிஃபோர்னியா மாநிலம் அதற்கு முன்பே, 2017இல், டேவிஸ் வளாகத்தில் தன் சொந்தப் பணத்தில் ஐந்தாண்டுகளுக்கு 50 லட்சம் டாலர் தந்து ஒரு துப்பாக்கி வன்முறை ஆய்வு மையத்தைத் தொடங்கிவிட்டது.

இந்த வேலைக்கு வர விரும்புபவர்கள் குற்றவியல் பட்டம்தான் வேண்டும் என்று எண்ணத் தேவையில்லை. புள்ளியியல், பொதுச் சுகாதாரம், சமூகப்பணி, செவிலியம், புவியியல் என்று எதிலிருந்தும் வரலாம். பெரும்பாலானோர் ஆய்வு உதவியாளராகத்தான் நுழைகிறார்கள். முதல் ஆண்டு தரவைச் சுத்தம் செய்வதிலேயே கழியும். நூற்றுக்கணக்கான தாக்குதல் விவரணைகளை வரி வரியாகப் படித்து வகைப்படுத்துவதும் அதில் அடங்கும். அது மனதைப் பாதிக்கும். பொறுப்பான மையங்களில் ஒருவருக்குத் தொடர்ந்து அந்த வேலையைத் தராமல் சுழற்சியில் மாற்றிக் கொடுப்பார்கள். சேருமுன் நேர்முகத்தில் அதைப் பற்றி வெளிப்படையாகவே கேட்டுவிடலாம்.